பிக்சல் விளக்குச் சரங்கள்: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

ஐப்பசி பிறந்ததும் கோவை, ஈரோடு, திருப்பூர்க் கடைகளில் தொங்கத் தொடங்கும் வண்ண விளக்குகளின் பெட்டிகளில் எத்தனை வகை ஆட்டம் காட்டும் என்பது பெரிய எழுத்தில் இருக்கும்; எத்தனை வோல்ட், எந்த சிப் என்பது இருக்கவே இருக்காது, அல்லது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் உள்ள எங்கள் தொட்டிக்கட்டு வீட்டுக்குக் கார்த்திகைக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் பல வகைகளைக் கட்டிப் பார்த்த பிறகு, அந்தப் பொடி எழுத்தைப் படித்து வாங்குவதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

'ஆர்ஜிபி' என்று விற்கப்படும் பட்டை விளக்குகள் எல்லாம் பிக்சல் விளக்குகள், அதாவது சிப் மூலம் தனித்தனியே நிறம் மாற்றக்கூடிய விளக்குகள், அல்ல. சாதாரண ஆர்ஜிபி பட்டையில் பிளஸ் ஒன்றும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றுமாக நான்கு கம்பிகள் இருக்கும். முழுப் பட்டையும் ஒரே நேரத்தில் ஒரே நிறத்துக்கு மாறுமே தவிர, ஒளி ஓடுவதும் துரத்துவதும் அதில் நடக்காது. பிக்சல் பட்டையில் பொதுவாக மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற தகவலுக்கு ஒன்றும் இருக்கும், தகவல் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் அந்த அம்புக்குறியைத் தேடினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிக்சல்களில் அதிகம் கிடைப்பது டபிள்யூஎஸ்2812பி என்ற சிப் கொண்ட 5 வோல்ட் பட்டை. சிப் விளக்குக்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே நிறம் மாறும். நிறத்தின் நயத்தில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழு வெள்ளையில் ஒரு விளக்கு சுமார் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், மீட்டருக்கு 60 விளக்குகள் கொண்ட 5 மீட்டர் பட்டைக்கு 18 ஆம்பியர், அதாவது 90 வாட் வரை தேவைப்படலாம். மெல்லிய செம்புத் தடத்தில் அவ்வளவு மின்னோட்டம் போகும்போது வோல்ட் இறங்கி, கடைசி விளக்குகள் வெண்மைக்குப் பதிலாக மஞ்சளாகவோ செம்மையாகவோ எரியும். இதைத் தவிர்க்கப் பட்டையின் மறுமுனைக்கும் தனிக் கம்பி இழுத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பூஜையறை, கொலு, கிறிஸ்துமஸ் குடில் போன்ற சிறிய வேலைகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். மதில் நீளத்துக்கு இது வேண்டாம்.

வெளிப்புறத்துக்கு நான் முதலிடம் கொடுப்பது, 12 மில்லிமீட்டர் துளையில் பொருந்தும் 12 வோல்ட் டபிள்யூஎஸ்2811 குமிழ்ச் சரங்களுக்கு. பொதுவாக 50 குமிழ்கள் ஒரு சரமாக வரும், ஒவ்வொரு குமிழும் ரெசினில் மூடப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கட்டப்படும் விளக்குக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை. அதே சிப் 12 வோல்ட் பட்டையாகவும் வருகிறது, ஆனால் அதில் பெரும்பாலும் மூன்று விளக்குகளுக்கு ஒரு சிப் என்பதால் ஒளி மூன்று மூன்றாகத்தான் நகரும். ஓட்டுச் சரிவின் ஓரத்தில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இவ்விரு சிப்புகளிலும் தகவல் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குக் கைமாறியே செல்கிறது. ஆகவே நடுவில் ஒன்று பழுதானால், அதற்குப் பின்னால் உள்ளவை அணைந்துவிடும் அல்லது தாறுமாறாக எரியும். 12 வோல்ட் டபிள்யூஎஸ்2815 பட்டையில் தகவலுக்கு மாற்றுக் கம்பி ஒன்று கூடுதலாக இருப்பதால், ஒரு விளக்கு போனாலும் மற்றவை தொடர்ந்து எரியும். ஏணி போட்டு ஏற முடியாத உயரத்தில் பட்டை ஒட்டுபவர்கள் இந்தக் கூடுதல் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

கட்டுப்படுத்தும் கருவியைப் பொறுத்தவரை, பெட்டியோடு வரும் ரிமோட் எனக்கு ஏமாற்றமே அளித்தது. அதிலுள்ளவற்றில் பாதி கண்ணைக் கூசவைக்கும் வெட்டொளிதான். ஈஎஸ்பி32 என்ற, வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகையில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், கைப்பேசியிலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிக்கோலங்களை இயக்கலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம், மாலையில் தானாக எரிய நேரம் குறிக்கலாம். சிவப்பைக் கேட்டால் பச்சை எரிகிறதென்றால் விளக்கில் பழுதில்லை. டபிள்யூஎஸ்2812பி பச்சையை முதலில் எதிர்பார்க்கும் வகை என்பதால், மென்பொருளில் நிற வரிசையை மாற்றினால் போதும். சாலிடரிங் பக்கமே போக விரும்பாதவர்களுக்கு ட்விங்க்ளி போன்ற ஆயத்தச் சரங்கள் உள்ளன. கைப்பேசிக் கேமராவால் ஒவ்வொரு விளக்கும் இருக்கும் இடத்தை அறிந்து படம் வரையும் அதன் வசதி உண்மையிலேயே சிறப்பு, விலைதான் கையைக் கடிக்கும். கோயில் நோம்பிகளில் அம்மன் உருவம் காட்டும் பெரிய சீரியல் போர்டுகளுக்கு, கணினியில் வரைந்து எஸ்டி அட்டையில் ஏற்றும் கருவிகள் தனியே உண்டு. வீட்டுக்கு அவை தேவையில்லை.

வீட்டு மின்சாரத்தை 5 அல்லது 12 வோல்ட்டாக மாற்றித் தரும் திறந்த வகை எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஒரு பக்கத்தில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரிய இருப்பதால், விளக்கு எவ்வளவு நீர்புகாததாக இருந்தாலும் அந்தப் பெட்டி மழை படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு உதிரிச் சரம் வாங்கும்போது பழைய சரத்தின் வோல்ட்டைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள்; 5 வோல்ட் குமிழும் 12 வோல்ட் குமிழும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், 5 வோல்ட் சரத்தை 12 வோல்ட்டில் இணைத்தால் மொத்தமும் கருகிவிடும்.