வெப்மெயில்: சொந்த சர்வரா, கட்டணச் சேவையா?

அலுவலக மின்னஞ்சலுக்கு, உலாவியிலேயே அஞ்சல் பார்க்க உதவும் மென்பொருளான ரவுண்ட்கியூபைச் சொந்த சர்வரில் நிறுவுவதா, ஜிமெயில் போன்ற சேவைக்குக் கட்டணம் கட்டுவதா என்று குழம்புபவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைப்பது யார்?

ஓட்டை அடைப்பு
சொந்த சர்வர்: முழுக்க உங்கள் பொறுப்பு. 2023 அக்டோபரில் வெளியே தெரிந்த ரவுண்ட்கியூப் ஓட்டையில், அஞ்சலுக்குள் ஒளித்துவைத்த எஸ்விஜி வகைப் படம் வழியாக, தாக்குபவரின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உலாவியில் ஓடியது. இணைப்பைத் தட்ட வேண்டாம், கோப்பை இறக்க வேண்டாம்; அஞ்சலைத் திறந்தாலே போதும், உள்ளே இருக்கும் கடிதங்களைச் சுருட்டிவிடலாம். 2025 ஜூனில் இன்னொன்று: கோப்பு பதிவேற்றும் இடத்தில் ஓர் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் விட்டதால், லாகின் இருக்கும் எவரும் சர்வரிலேயே தன் நிரலை ஓட்டலாம். சுமார் 10 ஆண்டுகள் அப்படியே கிடந்திருக்கிறது! 1.6.11, 1.5.10 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அப்டேட் போட்டீர்களா?
சேவை: அவர்களே அடைப்பார்கள், பெரும்பாலும் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

செலவு
சொந்த சர்வர்: மென்பொருள் இலவசம், பராமரிக்கும் ஆள் இலவசமில்லை.
சேவை: தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம்.

தரவு
சொந்த சர்வர்: உங்கள் கையில்.
சேவை: அவர்கள் கையில்.

கடவுச்சொல் திருட்டு
சொந்த சர்வர்: இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குத் தனி பிளகின் (கூடுதல் செருகு நிரல்) தேட வேண்டும்.
சேவை: கூடவே வருகிறது. போலி லாகின் பக்கத் தொல்லை மட்டும் இருவருக்கும் பொது.

சர்வரைக் கவனிக்க ஆளும், தரவு வெளியே போகக் கூடாது என்ற கட்டாயமும் இருந்தால் சொந்த சர்வர். ஆள் இல்லாத சிறு அலுவலகம் சேவைக்கே போகட்டும். ஹோஸ்டிங்காரர் என்றோ நிறுவிக் கொடுத்ததை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே பதிப்பு எண்ணைப் பாருங்கள்.