பார்வையற்ற முன்னாள் படைவீரனின் கையில் சலுகைக் கட்டண அட்டை

சிங்கப்பூர் ராணுவத்தில் நிரந்தரப் பணியில் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பின் கண் அழுத்த நோய் பார்வையைப் பறித்துக்கொண்டது. பஸ், ரயில் பயணங்களில் உடற்குறையுள்ளோருக்கான சலுகைக் கட்டணத் திட்டம் 2014 ஜூலையில் தொடங்கியதும் அட்டை வாங்கிவிட்டேன். இப்போது இதற்கு, உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டணம் கணிசமாகக் குறைகிறது. 7.2 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அதற்குமேல் ஏறுவதே இல்லை. ஈசூனிலிருந்து தோ பாயோவுக்குப் போனாலும் ஜூரோங்குக்குப் போனாலும் எனக்கு ஒரே காசுதான். சில சாலைச் சந்திப்புகளில், கம்பத்திலுள்ள கருவியில் இதே அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில வினாடிகள் எரியும். வெள்ளைப் பிரம்போடு கடப்பவனுக்கு அந்த வினாடிகள் பெரிய உதவி.

அட்டையில் பணம் நிரப்புவதுதான் சிரமம். இயந்திரத்தின் தொடுதிரை வழவழவென்று இருக்கும். விரலுக்கு எதுவும் பிடிபடாது. அதனால் வங்கிக் கணக்கிலிருந்து தானாக நிரம்பும்படி ஏற்பாடு செய்துகொண்டேன். பார்வையற்ற எவரும் முதலில் செய்ய வேண்டியது இது. மற்ற அட்டைகளோடு கலந்துவிடாமலிருக்க, மூலையில் ஒரு புடைப்புப் பொட்டும் ஒட்டியிருக்கிறேன்.

பஸ்ஸில் இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். எனவே பின்கதவுக்குப் பக்கத்திலேயே உட்காருவேன்; 'பீப்' ஒலி கேட்ட பிறகே காலை எடுத்து வைப்பேன்.

கட்டாயப் படைச் சேவையில் இருக்கும் முழுநேரத் தேசியச் சேவையாளர்களுக்கு மாதச் சலுகை அட்டை உண்டு. சேவை முடிந்ததும் அதுவும் முடிகிறது. பிரிட்டனில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே 2020 நவம்பரில் ரயில் சலுகை அட்டை வந்தது. அப்படி ஒன்றை இங்கே நான் கேட்கமாட்டேன். வீட்டுக்கு வீடு சீருடை அணிந்தவர்கள் இருக்கும் ஊரில், எனக்கு மட்டும் என்ன தனி உரிமை? பிரிட்டனின் உடற்குறையுள்ளோர் ரயில் அட்டையில் உள்ள வேறொன்றுதான் எனக்கு வேண்டும்: கூட வரும் வயதுவந்த ஒருவருக்கும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இங்கே மருத்துவமனைக்கு என் கையைப் பிடித்து அழைத்துப் போகும் மகள் முழுக் கட்டணம் கொடுக்கிறாள். அந்தப் பயணம் அவளுக்காகவா? என்னால்தானே அவள் வருகிறாள்! இந்தக் குறை கட்டாயம் நீங்க வேண்டும்.

60 வயதானால் மூத்தோருக்கும் இதே கட்டணம்தான். அதற்கு முன்பே பார்வை இழந்தவர்களுக்குத்தான் இந்த அட்டையால் ஆதாயம் அதிகம். அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.