பவிலியன் கூரை வேலை: தச்சுக்கார ஐயாவுக்கு முழு மார்க், பெயின்ற் கடைக்கு முட்டை

பவிலியன் என்று பெரிதாகச் சொன்னாலும் எங்கள் கழகத்திடம் இருப்பது ஒரு நீளத் திண்ணை, ஸ்கோர் எழுத ஒரு சின்ன அறை, பனங்கைமரத்தில் நிற்கிற ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். முதலில் கிடுகுக் கொட்டில். 2008இல் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தபோது நாங்களும் போனோம், மீள்குடியேறி வந்து பார்த்தால் கிடுகு மண்ணாகியிருந்தது, கைமரம் அப்படியே நின்றது. வீட்டுக்குக் கிடைத்த நிவாரணத் தகரத்தில் மிஞ்சியதை ஆளுக்கு ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து நாங்களே வேய்ந்தோம். போன மாரி வரை அதுதான் கூரை, ஸ்கோர் எழுதுபவர் குடையோடு இருந்த மட்ச்சும் உண்டு.

வெளிநாட்டில் இருக்கிற பழைய பெடியள் காசு அனுப்பியதும் கூரை வேலைக்கு ஒரு குழுவைப் பிடித்தோம். எங்கள் எண்ணம் பனையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புப் பெட்டிக் குழாய் போடுவது. வந்த ஐயா ஏணியில் ஏறி ஒவ்வொரு கைமரமாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். "தம்பி, இது வைரம் பாய்ஞ்ச பனை, உங்கட இரும்பு கறள் பிடிச்ச பிறகும் இது நிக்கும்" என்றார். கறையான் ஏறிய இரண்டை மட்டும் மாற்றினார், மிச்சக் காசு அப்படியே கையில்.

பிறகு எங்கள் பழைய தகரம் ஒன்றை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தார், பகலில் வெள்ளி பூத்த மாதிரி வரிசையாக ஓட்டை. தண்ணீர் ஓடுகிற பள்ளத்திலேயே ஆணி அடித்திருக்கிறோம்! அவர் மேட்டில் ரப்பர் வாசரோடு அடித்தார். புதுத் தகரத்தைத் தென்மேற்குத் தொங்கலில் தொடங்கி வடகிழக்கு நோக்கி ஏற்றிக்கொண்டு போனார், அப்படிப் போட்டால் வாடையோடு அடிக்கிற மாரி மழை விளிம்புக்குள் நுழையாதாம். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுத் தூக்காமல் இருக்க அந்தத் தொங்கலில் ஆணியை நெருக்கினார்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்ற வேலை நாலு நாள் இழுத்தது. ஐயா வராத நாளில் உதவிக்கு வந்த பெடியன் சுவரும் தகரமும் சேருமிடத்தில் சீமெந்துக் கலவையை அப்பிவிட்டான், சீமெந்தின் காரம் தகரத்தின் நாகப் (துத்தநாகப்) பூச்சைத் தின்னும். சொன்னதும் ஐயா வந்து, காசு கேட்காமல், கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மடித்த தகரப்பட்டி வைத்துக் கொடுத்தார்.

பெயின்ற்தான் எங்கள் வயிற்றெரிச்சல். கழக நிறம் நீலம், கடைக்காரர் ரெட் ஒக்சைட்டும் எனாமலும் தந்து அடியுங்கோ என்றார், அடித்தோம். மாரி முடிய நகத்தால் கிண்டினால் விரலளவுக்கு நீலம் கையோடு வந்தது. ரெட் ஒக்சைட் வெறும் இரும்புக்கானது; நாகம் பூசிய தகரத்தில் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால் அடியில் சவர்க்காரம் மாதிரி ஒரு படை உண்டாகி உரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அதற்கென்று இருக்கிற பிரைமர் பூசி, தண்ணீரில் கலக்கும் கூரைப் பெயின்ற் அடித்திருக்க வேண்டும். கடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்ன தகரம் என்று.

கூரைக்கு இந்தக் குழுவைத் தாராளமாகப் பிடியுங்கள். ஆனால் ஐயா நிற்கிற நாளாகப் பார்த்துக் குறியுங்கள்.