கோடை முகாமா, ஓராண்டுச் சேவையா?

வெளிநாட்டில் சிறுவர்களையும் இளையோரையும் வழிநடத்தும் பணிக்குச் செல்ல விரும்பும் சென்னை மாணவர் அமெரிக்கக் கோடை முகாமையும் ஜெர்மனியின் கூட்டாட்சித் தன்னார்வச் சேவையையும் ஒப்பிடும்போது, கையில் வரும் தொகையைவிட நாட்காட்டியையும் மொழியையும் முதலில் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவில் முகாம் ஆலோசகருக்கென, அதாவது முகாமில் பிள்ளைகளை வழிநடத்துபவருக்கென, தனிப் பிரிவு உண்டு. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பணிக்காலம் நான்கு மாதங்களைத் தாண்டக் கூடாது. அந்நாட்டு வெளியுறவுத் துறையின் ஒப்புதல் பெற்ற அமைப்பு ஜே-1 விசாவுக்கான தகுதிச் சான்றாகிய டிஎஸ்-2019 படிவத்தை வழங்கிய பின்னரே அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்ல முடியும். ஆலோசகரைச் சமையலுக்கோ பாத்திரம் கழுவவோ அமர்த்தக் கூடாது என்றும், அதே பணியிலுள்ள அமெரிக்கருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தங்கும் முகாம்களில் பிள்ளைகளுடனேயே உறங்கி எழ வேண்டியிருப்பதால், மாலையோடு முடியும் வேலையாக இதை எண்ணிவிடக் கூடாது.

சிக்கல் காலத்தில்தான். முகாம்கள் ஜூன் முதல் ஆகஸ்டு வரை நடக்க, நம் கல்லூரிகளோ ஜூன், ஜூலையிலேயே திறந்துவிடுகின்றன. இறுதியாண்டுத் தேர்வை முடித்தவருக்கு அந்த மாதங்கள் பொருந்தும். ஆனால் படிப்பு முடிந்துவிட்டதால், ஊர் திரும்புவதற்கான காரணத்தை விசா அதிகாரி ஏற்கும்படி எடுத்துரைக்க வேண்டியவரும் அவரே.

ஜெர்மனியில் கட்டாய ராணுவச் சேவை நிறுத்திவைக்கப்பட்ட 2011-இல் தொடங்கிய கூட்டாட்சித் தன்னார்வச் சேவை வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்கள் நீள்வதால், படிப்பை முடித்துவிட்டு ஓராண்டை ஒதுக்கக்கூடியவருக்கே இது ஏற்றது. ஊதியம் கிடையாது, கைச்செலவுத் தொகையும் சமூகக் காப்பீடும் உண்டு. 27 வயதுக்குட்பட்டவர் ஓராண்டில் 25 நாள் கருத்தரங்குகளில் கலந்துகொள்ள வேண்டும். நுங்கம்பாக்கம் கோத்தே நிறுவனத்திலோ வேறிடத்திலோ ஜெர்மன் மொழியை ஓரளவு கற்காமல் இவ்வழியை நினைக்கவே வேண்டாம். ஏனெனில் சண்டையிடும் இரு சிறுவர்களைச் சமாதானம் செய்ய இலக்கணப் பாடம் மட்டும் போதாது. (நம் பிழைகளைத் திருத்துவதில் குழந்தைகளுக்குத் தயக்கமே இராது.) தொடக்கத்தில் உதவியாளராகவே நிற்க நேரிடும் என்றாலும், பிற்காலத்தில் சமூகப் பணி பயில எண்ணுபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆங்கிலம் மட்டும் அறிந்து, முதல் வாரத்திலிருந்தே முழுப் பொறுப்பை விரும்புபவருக்கு அமெரிக்க முகாமே தகும்.

எவ்வழியாயினும் விமானக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் யார் ஏற்பது என்பதை எழுத்தில் பெற வேண்டும்; சுற்றுலா விசாவில் சென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரிடம் முன்பணம் கட்டக் கூடாது.