பழைய வேகன்ஆர், புதிய டெர்ம் பாலிசி: ஆறு மாத அனுபவம்

எங்கள் வீட்டில் கார் பேச்சும் இன்சூரன்ஸ் பேச்சும் ஒரே வாரத்தில் வந்தன. என் கணவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அவர் ஆசைப்பட்டது புதிய பெரிய காருக்கு: மாதத் தவணை 17,500 ரூபாய், ஏழு வருடம். வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, "என்னங்க, இந்த ஏழு வருடத்துக்குள் உங்களுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் தவணையை யார் கட்டுவது?" என்று கேட்டேன். அன்று இரவு பதில் இல்லை. மறுநாள் சாப்பிடும்போது, "சின்ன வண்டியே பார்க்கலாம்" என்றார்.

2025 அக்டோபரில் வாங்கியது 2021 மாடல் வேகன்ஆர், 998 சிசி பெட்ரோல். சேலத்தில் ஒரு வங்கி ஊழியர் வைத்திருந்த வண்டி, 31,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 4,35,000 ரூபாய். கையிலிருந்த சேமிப்பு போக, கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு லட்சம் கடன். மாதம் ஏறத்தாழ 6,500 ரூபாய், மூன்றே வருடம்.

இந்த வண்டியில் எனக்கு முதலில் பிடித்தது மைலேஜ் அல்ல, இருக்கையின் உயரம். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. தாழ்வான கார்களில் குனிந்து, காலை மடக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். இதில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, எழுந்து வருகிறார். அந்த ஒரு காரணத்துக்கே கொடுத்த காசு தகும். பின்பக்கம் 341 லிட்டர் இடம். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டும் காய்கறிப் பைகளும் வைத்தோம்.

மைலேஜை ஒவ்வொரு முறையும் டேங்க் நிரப்பிக் கணக்கெடுக்கிறேன். திருச்சி போய்வந்தால் லிட்டருக்கு 21, ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டினால் 16. கொல்லிமலைக்கு ஐந்து பேரோடு ஏறினோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பெரும்பாலும் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான், ஏசியை நிறுத்திவிட்டோம். மெதுவாக ஏறியது, எங்கும் திணறி நிற்கவில்லை. 1000 சிசிக்குள் இருப்பதால் நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியமும் வருடத்துக்கு 2,094 ரூபாய்தான். அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன்ஆர் 2019-இல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு, 2023-இல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒன்றே ஒன்று. தெரிந்தேதான் வாங்கினோம். பைபாஸில் லாரி கடக்கும்போது உயரமான எந்தச் சின்ன வண்டியும் கொஞ்சம் அசையும். அதனால் 80-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட்ட பிறகுதான் வண்டி நகரும். நெடுஞ்சாலையில் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பேன்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆர்சி மாற்றியதோடு நிற்காமல், 14 நாட்களுக்குள் வண்டியின் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக விற்றவருக்குக் கிடைத்த 'நோ கிளெய்ம்' சலுகை அவரோடு போய்விடும், நமக்கு வராது.

இனி பாலிசி. பெரிய கார் வாங்கியிருந்தால் மாதம் கூடுதலாகப் போயிருக்கும் 11,000 ரூபாயிலிருந்துதான் இந்தப் பிரீமியம் போகிறது. கணவருக்கு வயது 38. 60 வயதுக்குள் அவர் இறந்தால் எங்களுக்கு 75 லட்சம் கிடைக்கும்; டெர்ம் பாலிசி என்பது அவ்வளவுதான். அதுவரை அவர் உயிரோடு இருந்தால் ஒரு ரூபாயும் திரும்பி வராது, அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்பதும் நல்ல நேரத்தில் வந்தது.

விண்ணப்பத்தில் புகையிலை பற்றிய கேள்வி வந்தது. பட்டறையில் பெயின்ட் வாசனையோடு வேலை செய்கிறவர், பன்னிரண்டு வருடமாகப் புகையிலை போடுகிறார். முகவர், "இல்லை என்று போட்டுவிடலாம் அக்கா, பிரீமியம் பத்தாயிரம் குறையும்" என்றார். பேனாவை நான் வாங்கி 'ஆம்' என்று எழுதினேன். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருடத்துக்குள் அவருக்கு ஏதாவது நேர்ந்து, பொய் சொன்னதாகப் பணத்தை மறுத்தால் நான் யாரிடம் போய் நிற்பேன்? ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போனார்கள். நிகோடின் உடம்பில் இருந்தால் அந்தச் சிறுநீரே காட்டிக்கொடுத்துவிடும். வருடப் பிரீமியம் 23,400 ரூபாய். உண்மைக்கு உண்டான விலை என்று கட்டினேன்.

இன்னொன்றிலும் பிடிவாதமாக இருந்தேன். கணவர் தன் நண்பரின் பட்டறைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் பாலிசியை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தோம். அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளை போல. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கமில்லாமல் எடுத்தது என்றால் அவர்கள் அதில் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. முகவர் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் அதற்கான படிவத்தைத் தேடி எடுத்தார்.

2016-இல் போட்ட, சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி ஒன்று இருந்தது. வருடம் 24,000 கட்டியும் காப்பீடு நான்கு லட்சம்தான். ஒன்பது வருடம் கட்டியாகிவிட்டதால் பாதியில் முடித்துப் பணம் வாங்கும் சரண்டரைச் செய்யவில்லை; இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த தொகையோடு தொடரும் 'பெய்ட் அப்' ஆக்கிவிட்டோம். டெர்ம் பாலிசி கையில் வந்த பிறகே அதை நிறுத்தினேன்; முன்னால் அல்ல.

பத்திரம் வந்தவுடன் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பிடிக்காவிட்டால் திருப்பித்தர 30 நாள் இருக்கிறது. பிறந்த தேதியும் புகையிலை விவரமும் சரியாக இருந்தன. இப்போது அது அத்தையின் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. பாலிசி எண்ணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "கார் இன்சூரன்ஸ் நம்பரும் இதிலேயே எழுதும்மா" என்றாள். எழுதினேன்.