முந்திரிப் பாலா, தேங்காய்ப் பாலா: பசும்பால் இல்லாத இனிப்புக் காபி

அம்மாவுக்கு 68 வயதில் பால் ஒத்துக்கொள்ளாமல் போனது. காலைக் காபி குடித்த அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், இரைச்சல் கேட்கும். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் நொதி வயதாக ஆகப் பலருக்குக் குறைந்துவிடும் என்றார் மருத்துவர். பாலை நிறுத்திவிடலாம், சரி. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் காபியை நிறுத்துவது நடக்காத காரியம். அதனால் ஒவ்வொரு பாலாகப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் நாக்குதான் தீர்ப்புச் சொன்னது.

முதலில் தேங்காய்ப் பால். வீட்டில் எப்போதும் தேங்காய் இருக்கும், வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மூடியைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் கெட்டியான முதல் பால் வந்துவிடும். அதை டிகாக்ஷனில் கலந்ததும் நல்ல நிறம், நல்ல கெட்டி. சிக்கல் மணத்தில்தான். தேங்காய் எதற்கும் பின்னால் நிற்காது, காபித்தூளின் வாசனையை அப்படியே அமுக்கிவிடும். கருப்பட்டியும் சேர்ந்தால் ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் பால்தான் நினைவுக்கு வரும். அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டு, “நல்லாத்தான்டி இருக்கு, ஆனா பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அது மட்டுமில்லை, கொதிக்க விட்டால் தேங்காய்ப் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். ஆவி வரத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். ஆறிய பிறகு மறுபடி சூடு பண்ணவும் முடியாது.

அப்புறம் முந்திரி. கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி பக்கத்தில்தானே இருக்கிறது. முழுப் பருப்பு வாங்க வேண்டாம், உடைந்த பருப்பு போதும். விலையும் குறைவு, அரைத்தால் எல்லாம் ஒன்றுதான். இரண்டு பேருக்கு 30 கிராம், அதாவது இருபது பருப்பு அளவு. இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். அவசரம் என்றால் வெந்நீரில் அரை மணி நேரம் போதும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வெண்ணெய்போல அரைத்து, பிறகு மொத்தம் 300 மில்லி வரும்படி தண்ணீர் சேர்த்து ஒரு சுற்று ஓட விட வேண்டும். நன்றாக ஊறியிருந்தால் வடிகட்டவே தேவையில்லை, சக்கையும் மிஞ்சாது. பாதாம் பாலில் இல்லாத வசதி இது.

முந்திரியில் கொழுப்போடு மாவுச்சத்தும் இருக்கிறது. சூடு பண்ணினால் அந்த மாவுச்சத்து பாலைத் தானாகவே கெட்டியாக்கும். சுண்டக் காய்ச்சிய பாலைப்போல நாக்கில் படிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். அதிகம் காய்ந்தால் கூழாகிவிடும், அடியும் பிடிக்கும். கிளறிக்கொண்டே இருந்து, ஆவி வந்ததும் நிறுத்துங்கள். கெட்டியாகிவிட்டாலும் கவலை வேண்டாம், கால் டம்ளர் வெந்நீர் விட்டால் சரியாகிவிடும். மணம் மென்மையானது, காபித்தூளோடு போட்டி போடாது. இந்த டம்ளரை அம்மா ஒன்றும் பேசாமல் குடித்து முடித்தார். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சோயாவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். புரதம் என்று பார்த்தால் பசும்பாலுக்குக் கிட்டத்தில் வருவது அது மட்டும்தான். ஆனால் காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்தால் அந்தப் புரதமே திரிதிரியாகத் திரண்டுவிடும். பச்சை வாடை போக நன்றாகக் கொதிக்க வைக்கவும் வேண்டும். பாதாம் பால் காபிக்கு நீர்த்துப்போகிறது, செலவும் அதிகம். ஓட்ஸை வீட்டில் அரைத்துச் சூடு பண்ணினால் வழவழப்பாகிவிடும். புதுச்சேரியில் பாக்கெட்டில் கிடைக்கும் ஓட்ஸ் பானம் அப்படி ஆகாது. அதன் மாவுச்சத்தை நொதி கொண்டு முன்பே உடைத்துவிடுகிறார்கள். வசதியானதுதான், ஆனால் தினமும் இரண்டு வேளைக்குக் கட்டுப்படியாகாது.

டப்பாவில் வரும் ‘நான்-டெய்ரி’ கிரீமர் பொடி பற்றி ஒரு எச்சரிக்கை. சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பின்பக்கத்து எழுத்துகளைப் படிக்காமல் வாங்கவே கூடாது.

எந்தப் பாலானாலும் தூளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது. ஆழ்ந்து வறுத்த தூளில் புளிப்பு குறைவு, அதனால் பால் திரியும் வாய்ப்பும் குறைவு. எங்கள் வீட்டில் முன்பு சிக்கரி இல்லாத தூள்தான். இந்தப் பால்கள் மெல்லியவை என்பதால் இப்போது நூற்றுக்கு இருபது சிக்கரி கலந்தது வாங்குகிறோம், டிகாக்ஷனுக்கு நல்ல திடம் கிடைக்கிறது. குவித்து மூன்று மேசைக்கரண்டி தூளுக்கு 150 மில்லி கொதிநீர். இறங்கியதும் சுடச்சுட ஊற்றாமல் ஒரு நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

இனிப்பில் எனக்குக் கருப்பட்டிதான். மண் இருக்கும் என்பதால் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகாகவே வைத்துக்கொள்வேன். பாலோடு சேர்த்துக் கொதிக்க விடக் கூடாது, கடைசியில் டம்ளரில்தான் கலக்க வேண்டும். முந்திரிப் பாலோடு கருப்பட்டியின் லேசான புகை மணம் அழகாகச் சேருகிறது. தேங்காய்ப் பாலுக்கோ வெள்ளைச் சர்க்கரையே மேல். இரண்டு பலத்த மணங்கள் ஒரே டம்ளரில் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று: கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவு முக்கியம்.

தேங்காய்ப் பால் முந்திக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. மே மாத மதியத்தில், தேவனாம்பட்டினக் கடற்கரைக் காற்றுகூட அனலாக வரும்போது, சூடான காபியை யார் குடிப்பார்கள்? அப்போது டிகாக்ஷன், சர்க்கரை, ஐஸ் கட்டி, அப்போதே பிழிந்த தேங்காய்ப் பால் எல்லாவற்றையும் மிக்சியில் ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். குளிர்ச்சியில் தேங்காய் மணம் அடங்கிவிடும், இனிப்பும் நுரையுமாகப் பிரமாதமாக இருக்கும். உடனே குடித்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் மேலே கட்டியாகி உதட்டில் ஒட்டும். முந்திரிப் பாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு நாள் வரை குளிர்பெட்டியில் இருக்கும், குலுக்கி ஊற்றினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் தோற்றுவிடுகின்றன. 100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். வீட்டில் அரைக்கும் முந்திரிப் பாலிலோ தேங்காய்ப் பாலிலோ அதில் சிறு பங்குகூட வராது. அம்மாவின் எலும்பை நினைத்து எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. அதனால் இப்போது காலைக் காபிக்குப் பிறகு வாரத்தில் நான்கு நாள் கேழ்வரகு அடையோ களியோ செய்கிறேன், எள் துவையலும் உண்டு. காபி முந்திரிப் பாலில், கருப்பட்டி ஒரு கரண்டி குறைவாக, பித்தளை டபராவில் நுரை பொங்க ஆற்றித் தருகிறேன்.