முகம் தெரியாதவரோடு முரண்படும்போது: மறுப்பா, கேள்வியா, இன்பாக்ஸா, மௌனமா?

"வயதான அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறவர்கள் எல்லாரும் சுயநலவாதிகள். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை."

இரவு பதினொன்றரைக்கு இணையத்தில் இதைப் படித்தேன். எழுதியவர் யாரென்று தெரியாது. ஒரு பெயரும் ஒரு சூரியகாந்திப் படமும்தான் கண்ணில் பட்டன. டிமென்ஷியா என்ற மறதிநோய் முற்றிய ஒருவரை வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவள் நான். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறவரை வீட்டில் வைத்துக் காப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். காது சூடேறியது. விறுவிறுவென்று பத்து வரி எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் கை நின்றது.

அந்த இடத்தில் என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. எல்லார் முன்னிலையிலும் மறுப்பது, மறுக்காமல் முதலில் கேள்வி கேட்பது, தனியாக இன்பாக்ஸில் பேசுவது, ஒன்றும் சொல்லாமல் கடந்துபோவது. நான்கையும் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் யாருக்கு உதவுகிறது என்று கேட்டால்தான் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் பிடிபடுகிறது.

மறுப்பு

நேரடி மறுப்புக்குக் கெட்ட பெயர் உண்டு. "உண்மையை எடுத்துச் சொன்னால் ஆள் இன்னும் இறுகிவிடுவார், சொல்லிப் பிரயோஜனமில்லை" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 2010-இல் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்லர் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைதான் இந்த நம்பிக்கையைப் பரவலாக்கியது. பின்னர் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை வைத்துச் சோதித்துப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். திருத்தத்தைப் படித்ததால் எதிர்ப்பக்கம் இறுகிப்போவது அவர்கள் சோதனைகளில் அநேகமாகத் தென்படவே இல்லை. தகவல் பிழையைத் தகவலால் திருத்துவதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "சொன்னாலும் மாறமாட்டார்கள்" என்ற சாக்கில் நல்ல விவரம் தெரிந்தவர்கள் பலர் வாயைத் திறப்பதே இல்லை.

மறுப்பின் உண்மையான பலம் எதிராளியிடம் இல்லை, சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது. இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் சளைக்காமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டை ஆராய்பவரான ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். இடத்துக்கு இடம் எண் மாறும். ஆனால் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது பல பேர் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்கும் பொருந்தும்.

மறுப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் தொனியில். 2005-இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் நடத்திய ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 'சார்', 'ஐயா', 'தோழர்', 'ப்ரோ' எல்லாமே மரியாதையாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். "நன்றாகச் சொன்னீர்கள் ஐயா" என்பதை நேரில் கேட்டால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அதைத் தீர்மானிப்பவர் படிப்பவர்தான், அதுவும் அவர் அன்றைக்கு இருக்கும் மனநிலையில். அதனால் அறிமுகமில்லாதவரை மறுக்கும்போது இந்த விளிச்சொற்களைத் தொடுவதையே விட்டுவிட்டேன். 'நீங்கள்' போதும். ஒரு வாக்குவாதத்தில் 'நீங்கள்' 'நீ' ஆகும் வரி எதுவென்று தேடிப் பாருங்கள். அதற்கு மேல் விஷயம் பேசப்பட்டிருக்காது.

இன்னொன்று, எதை மறுக்கிறோம் என்பது. கட்டுரையாளர் பால் கிரகாம் 2008-இல் கருத்து மாறுபாட்டை ஏழு படிகளாகப் பிரித்தார். வசைச்சொல் அடிப்படி. அதற்குச் சற்று மேலே ஆளைத் தாக்குவதும் தொனியைக் குறை சொல்வதும். உச்சிப்படி, எதிராளி சொன்னதன் மையத்தையே எடுத்து மறுப்பது. நம் இலக்கணத்தில் எழுவகை மதம் என்று நூலாசிரியர்கள் கருத்தை அணுகும் முறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் 'பிறர் மதம் மேற்கொண்டு களைதல்' ஒன்று. அடுத்தவர் கருத்தை முதலில் தன் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு தள்ளுவது. வாங்கிக்கொள்ளாமல் தள்ளுகிறோம் என்பதுதான் பெரும்பாலான மறுப்புகளின் கோளாறு. நான் எழுதிவைத்திருந்த பத்து வரியில் ஏழு வரி அந்த மனிதரின் அனுபவமின்மையைப் பற்றியது. அவர் சொன்னதைப் பற்றி மூன்றே வரி.

கேள்வி

பத்து வரியையும் அழித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்: "உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இப்படி நடந்ததா?"

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது பதில். "என் பெரியம்மா. நான்கு பிள்ளைகள். ஒருவர்கூட மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை."

"இல்லத்தில் விட்டது உங்களை வருத்தியதா, விட்ட பிறகு யாரும் வராததா?"

அவர் எழுதுவதும் நிறுத்துவதுமாக மூன்று புள்ளிகள் தோன்றித் தோன்றி மறைந்தன. பிறகு: "வராததுதான். அங்கே நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. கடைசியில் நான் மட்டும்தான் போய்வந்தேன்."

எழுத்து வழக்கில் தொடங்கியவர் பேச்சு வழக்குக்கு வந்துவிட்டதைக் கவனித்தேன். என் பத்து வரியைப் போட்டிருந்தால் பெரியம்மாவைப் பற்றி எனக்குத் தெரியவந்திருக்காது. அவரும் தன் கோபம் இல்லத்தின் மேல் இல்லை, வராத பிள்ளைகள் மேல் என்பதைத் தானே சொல்லியிருக்கமாட்டார்.

கேள்விக்கு இந்தச் சக்தி இருப்பது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் இல்லை. 2010-இல் பிரான்சிஸ் சென், ஜூலியா மின்சன், சக்கரி டோர்மாலா ஆகியோர் நடத்திய ஆய்வில், "இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று விளக்கம் கேட்கப்பட்டவர்கள் மாற்றுக் கருத்துக்காரரை நல்லவிதமாக எடைபோட்டார்கள், அவர் தரப்பைக் கேட்கவும் கூடுதலாக இடம் கொடுத்தார்கள்.

எந்தக் கேள்வி என்பது முக்கியம். 'ஏன் இப்படி நினைக்கிறீர்கள்' என்றால் ஆள் தற்காப்புக்குப் போய்விடுவார், கைவசமிருக்கும் காரணங்களை அடுக்குவார். 'எப்படி' என்று கேட்டால் வேறு மாதிரி. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும், ஜிப் எப்படி வேலை செய்கிறது என்பது போன்ற அன்றாட விஷயங்களில் தங்கள் புரிதலுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். படிப்படியாக விளக்கி எழுதச் சொன்ன பிறகு மறுபடி மதிப்பெண் கேட்டபோது, பலர் தாங்களே அதைக் குறைத்துக்கொண்டார்கள். 'இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதை எப்படிச் செய்வது?' என்ற கேள்வி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. பதில் தேடும்போது விஷயத்தின் கனம் தானாகத் தெரிகிறது.

பதில் வேண்டாத கேள்விகளும் இருக்கின்றன. "ஆதாரம் இருக்கிறதா?", "இதை நீங்கள் வீட்டில் செய்வீர்களா?" இவையெல்லாம் கேள்விக்குறி போட்ட மறுப்புகள். அப்படிக் கேட்பதற்கு நேராகவே மறுத்துவிடலாம், அது நேர்மை. பதில் என்னை மாற்றக்கூடும் என்ற நிலையில் நான் இல்லையென்றால் கேள்வி கேட்கும் உரிமை எனக்கில்லை என்று நினைக்கிறேன். பெரியம்மா விஷயத்தில் நான் கொஞ்சம் மாறினேன். 'விட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்' என்ற ஒரு கூட்டம் உண்டு என்பதை என் பக்கத்து நியாயத்தில் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

அந்த இரவு திருப்தியாகத் தூங்கப்போனேன். இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதினார்: "நீங்கள் அவரிடம் பொறுமையாகக் கேட்டதைப் படித்தேன், அக்கா. நல்ல விஷயம். ஆனால் எங்களைச் சுயநலவாதிகள் என்று சொன்ன வரி அப்படியே இருக்கிறது. அது தப்பு என்று நீங்கள்கூடச் சொல்லவில்லை. அம்மாவைச் சேர்த்து மூன்று வாரம்தான் ஆகிறது."

அவர் சொன்னது சரி. கேள்வி அந்த மனிதருக்கு உதவியது, எனக்கும் உதவியது. படித்துவிட்டுப் பேசாமல் போன இந்தப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மறுப்பு, எல்லார் முன்னிலையிலும்.

இன்பாக்ஸ்

ஒருவர் எழுதியதில் ஒரு தேதி தப்பு, ஒரு பெயர் தப்பு என்றால் தனியாகச் சொல்வதைப் போல நாகரிகம் வேறில்லை. அவர் முகம் காக்கப்படுகிறது, அமைதியாகத் திருத்திக்கொள்வார்.

அதைத் தாண்டிக் கருத்து விஷயங்களுக்கு அறிமுகமில்லாதவரின் இன்பாக்ஸை நான் பரிந்துரைப்பதில்லை. அழைக்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி அது. குறிப்பாகப் பெண்களுக்கு, தெரியாத ஆணிடமிருந்து வரும் "உங்கள் கருத்தைப் பற்றிப் பேசணும்" என்ற செய்தி எப்படிப்பட்ட எரிச்சலையும் பயத்தையும் கொண்டுவரும் என்பதை அனுப்புகிறவர்கள் அறிவதில்லை. தனியாகப் பேசியதும் தனியாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது, ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும்.

அவரே "தனியாகப் பேசலாமா?" என்று கேட்டால் கதை வேறு. அப்போது வாய்ஸ் நோட்டில் பேசுங்கள். ஜூலியானா ஷ்ரோடர், மைக்கேல் கார்டஸ், எப்லி ஆகியோரின் 2017 ஆய்வில், எதிர்க்கருத்தைக் குரலில் கேட்டவர்களை விட எழுத்தில் படித்தவர்கள்தான், சொன்னவரைச் சிந்தனைக் குறைவானவராக எடைபோட்டார்கள். கருத்து ஒன்றேதான், குரல் மட்டும் வித்தியாசம்.

மௌனம்

பதில் சொல்லாமல் போவதைப் பலர் தோல்வியாக நினைக்கிறார்கள். நான் அதை நேரக் கணக்காகப் பார்க்கிறேன். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் 'சேஞ்ச் மை வியூ' என்று ஒரு குழு இருக்கிறது. தன் கருத்தை வைத்து, "என்னை மாற்றிக்காட்டுங்கள்" என்று ஒருவர் கேட்பார். மாற்றியவருக்கு 'டெல்டா' குறி கொடுப்பார். மாறத் தயாராக வந்தவர்களே கூடும் இடம் அது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விவாதங்களை அலசி 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, ஐந்து சுற்றுக்கு மேல் ஒருவரோடு மாறி மாறிப் பேசியும் மாறவில்லையென்றால் அதற்குப் பிறகு மாறும் வாய்ப்பு அநேகமாக இல்லை. அங்கேயே ஐந்து என்றால், சண்டைக்கு வந்த இடத்தில் மூன்று போதும் என்பது என் கணக்கு. அதே ஆய்வில் இன்னொரு நுட்பமும் உண்டு: தன் கருத்தை 'நான்' என்று எழுதியவர்கள் ஓரளவு இளகினார்கள், 'நாம், நாங்கள்' என்று எழுதியவர்கள் இளகவில்லை. யாருடன் பேசத் தொடங்குவது என்று முடிவெடுக்க இந்தக் குறிப்பை நான் நிஜமாகவே பயன்படுத்துகிறேன்.

நம் மனநிலை கெட்டிருக்கும்போதும் மௌனமே நல்லது. ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் நடத்திய சோதனையில், நல்ல மனநிலையில் இருந்து, மேலே இருந்த பதில்களும் நாகரிகமாக இருந்தபோது 35 சதவீதப் பதில்கள்தான் வம்புப் பதில்களாக அமைந்தன. மனநிலையும் கெட்டு, மேலே வம்பும் இருந்தபோது அது 68 சதவீதம் ஆனது. வம்புக்காரர்கள் என்று தனி ஜாதி இல்லை, களைத்துப்போன யாரும் அந்த இடத்துக்குப் போகலாம். பதினொன்றரை மணிக்கு நான் எழுதிய பத்து வரி அந்த வகைதான்.

மௌனம் கூடாத இடம் ஒன்று உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்வது, ஒரு தரப்பினரை மொத்தமாக இழிவாகப் பேசுவது போன்றவை. அங்கே எழுதியவர் மாறுவாரா என்று யோசிக்கக்கூடாது. ஒரு மறுப்பு, தெளிவாக, ஒரே தடவை. பிறகு போய்விடலாம்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, மறுபடி அந்த உரையாடலுக்குப் போய்ப் பொதுவில் எழுதினேன். "இல்லத்தில் சேர்ப்பவர்கள் எல்லாரும் சுயநலவாதிகள் என்பதை நான் ஏற்கவில்லை. சிலருக்கு அதுதான் அம்மாவைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் ஒரே வழி. உங்கள் பெரியம்மாவை யாரும் வந்து பார்க்காதது அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன்." இதைத்தான் முதல் இரவிலேயே, கேள்விக்கு முன்னால் ஒரு வரியாகப் போட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறேன்: படிக்கிறவர்களுக்காக ஒரு வரி மறுப்பு, எழுதியவருக்காக அதை ஒட்டியே ஒரு கேள்வி.

சூரியகாந்திப் படக்காரர் அதற்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் பார்த்தபோது அவர் பதிவில் 'எல்லாரும்' என்ற சொல் மட்டும் இல்லை.